மாகாண சபைக்குச் சுயேச்சையாக நிற்பதென்றால் 19 பேர் வேண்டுமாமே?

கொட்டகலை மழை:
மாகாண சபைத் தேர்தல் வரப்போகிறது, இல்லை வராது என்ற கதை மறுபடியும் டவுனில் ஓடுகிறது. வருகிறதோ இல்லையோ, போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் ஆறேழு பேர் உட்கார்ந்து பேசினோம். இரண்டு பேர் ஆசிரியர்கள், ஒருவர் கொழும்பில் நகைக்கடையில் பத்து வருடம் நின்றுவிட்டு ஊருக்கே திரும்பியவர், ஒருவர் த்ரீவீலர், நான் மரக்கறி லொறி. ஒவ்வொரு தேர்தலுக்கும் யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்று பட்டியலில் இடம் கேட்டு, கடைசி நாள் இரவு அந்த இடம் வேறு யாருடைய மச்சானுக்கோ போய்ச் சேர்வதைப் பார்த்து அலுத்துவிட்டது. நாமே ஒரு சுயேச்சைக் குழு போட்டால் என்ன? ஒருவர் நிற்பார், மற்றவர்கள் நோட்டீஸ் ஒட்டுவோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம், நுவரெலியா மாவட்டத்துக்கு 19 பெயர் கொடுக்க வேண்டுமாம். நின்றவர்கள், நின்று தோற்றவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

லயத்துக் கணக்கு:
முதலில் தேர்தலைக் காட்டுங்கள், பிறகு வேட்பாளரைக் காட்டுகிறேன்.

சட்டப்புத்தகம்:
19 சரிதான். 2013 செப்டெம்பர் 21இல் மத்திய மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தபோது நுவரெலியாவுக்கு 16 ஆசனம். தெரிவாக வேண்டிய எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது விதி. வேட்புமனு மாவட்டத்துக்குத்தான், ஆகவே கண்டியிலும் மாத்தளையிலும் ஆள் தேட வேண்டியதில்லை. வாக்காளர் முதலில் குழுவின் சின்னத்துக்குப் புள்ளடி போடுவார், பிறகு அந்தக் குழுவுக்குள்ளேயே மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. சபையில் மொத்தம் 58 பேர், அதில் 2 முதலாவதாக வரும் தரப்புக்குப் போனஸ்.

ஆனால் இதெல்லாம் பழைய முறை. 2017இல் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்து பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்று மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார், இப்படி ஒரு கூத்தை வேறு எங்கும் பார்க்க முடியாது. அன்றிலிருந்து பழைய முறையும் கையில் இல்லை, புதிய முறையும் கையில் இல்லை. மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு ஆளுநர்தான் எல்லாம். நாட்டில் கடைசியாக நடந்த மாகாணத் தேர்தல் 2014 செப்டெம்பரில் ஊவாவுக்கு நடந்ததுதான். அன்று பிறந்த பிள்ளை இன்று பெரிய பள்ளிக்கூடம் போகிறது.

பதுளைக்காரி:
ஊவாவைப் பற்றி நான் சொல்கிறேன். அந்தத் தேர்தலில் 34 ஆசனம். வெற்றிலைச் சின்னத்து மகிந்த தரப்பு 19, யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சி 13, ஜேவிபி 2. கூட்டிப் பாருங்கள், 34 வந்துவிட்டது. சுயேச்சைக்கு ஒன்றுமில்லை. வாக்குச்சீட்டில் மட்டும் கீழே வரிசையாக இருந்தார்கள், சாவி, குடை என்று, எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு "என்னடி இது, பாத்திரக்கடை விளம்பரம் மாதிரி இருக்கு" என்றார்.

லயத்துக் கணக்கு:
அம்மா சொன்னது சரி அக்கா. அந்தப் பாத்திரங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். பாதிக் குழு டம்மி. ஒரு சுயேச்சைக் குழு போட்டால் வாக்குச் சாவடிக்குள்ளே கூடுதலாக ஒரு முகவர் உட்காரலாம், எண்ணும் இடத்தில் கூடுதலாக ஒரு ஆள் நிற்கலாம், வாகன அனுமதி வேறு. பெரிய தரப்பு ஒன்று நாலு சுயேச்சைக்குக் கட்டுப்பணம் கட்டிவிட்டால் சாவடிக்குள்ளே அவர்கள் ஆள் அஞ்சு பேர். இன்னொரு வகை, எதிராளியின் தோட்டத்திலேயே அவருக்கு ஆகாத ஒருவரைப் பிடித்துச் சுயேச்சையாக நிறுத்துவது. அவர் எடுக்கும் முந்நூறு வாக்கு எங்கிருந்து வரும்? அதனால் நேராகவே கேட்கிறேன் கொட்டகலை தம்பி, உங்கள் ஆறேழு பேருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தது யார்?

கொட்டகலை மழை:
அண்ணே, தேத்தண்ணிக்கு நான்தான் கொடுத்தேன். வடையும் நான்தான். சந்தேகப்படுவது உங்கள் உரிமை.

மஸ்கெலியா முதல் பஸ்:
நான் நின்று தோற்றவன், ஆகவே பேசும் உரிமை எனக்கு இருக்கிறது. மாகாண சபைக்கு அல்ல, பிரதேச சபைக்கு. பிரதேச சபைக்கே நாக்குத் தள்ளிவிட்டது, மாவட்டம் முழுக்க என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் பெரிய பிரச்சினை என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்குப் பணம் இரண்டாவது. சீட்டுப் பணம், ஒருவரின் மோதிரம், கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பியது என்று கட்டுப்பணம் எப்படியோ சேர்ந்துவிட்டது. ஆள்தான் சேரவில்லை. பெயர் கொடுத்தவர்களில் ஒருவரின் அப்பாவைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, "ஒங்க மகன் பெரிய ஆளாயிட்டாராமே" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், மிரட்டல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. அன்று இரவு அந்த அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, குந்தக்கூட இல்லை, வாசற்படியில் நின்றபடியே, "தம்பி, வீட்டுக்குக் காணி குடுக்குற லிஸ்டுல எங்க பேரு இருக்கு" என்றார். நான் என்ன சொல்ல? மகனின் பெயரை வெட்டினோம். விடிந்தால் மனு கொடுக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு என் சின்னம்மாவை எழுப்பி, அவர் பிறப்புச் சான்றிதழைத் தேடி, அது தகரப்பெட்டியில் பழைய சேலைக்கடியில் ஈரமாகக் கிடந்தது, கையொப்பம் வாங்கினோம். சின்னம்மா எதற்குக் கையெழுத்து என்று கேட்கவே இல்லை. வேட்பாளர் ஆகிவிட்டோம் என்பது அவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

அந்தச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் தெரியுமா? 2025 மார்ச்சில் உள்ளூராட்சி மனுக்கள் எத்தனையோ இந்தப் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியினாலும் சத்தியப்பிரமாணத்தினாலும்தான் தள்ளுபடி ஆயின. கட்சிகள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சிலதை மீட்டார்கள். சுயேச்சைக்காரன் எந்தச் சட்டத்தரணியிடம் போவான்? ஆகவே 19 பேருக்கும் ஒரு கோப்பு போடுங்கள், சமாதான நீதவானைக் கடைசி நாளில் தேடாதீர்கள். எங்களுக்குக் கையொப்பம் வைக்க வேண்டிய ஐயா அன்றைக்கென்று பார்த்து மரண வீட்டுக்குப் போய்விட்டார், மயானம் வரைக்கும் பின்னாலேயே போய் அங்கே ஒரு கல்லின் மேல் வைத்து முத்திரை குத்தினோம்.

சின்னம் கேத்தல் கிடைத்தது. தேயிலை நாட்டில் கேத்தல், இதைவிட என்ன வேண்டும் என்று துள்ளிக் குதித்தோம். கீழ்ப்பிரிவில் ஒரு பாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், எங்களை உட்காரவைத்து ரொட்டி கொடுத்து எல்லாம் கேட்டுவிட்டு, "கேத்தல் அடுப்புல இருக்கட்டும் கண்ணு, ஓட்டுப் போடப் போனா கை தானா பழைய சின்னத்துக்குத்தான் போகும், ஒங்க தாத்தாவுக்கும் அப்படித்தான்" என்றார். கோபமே வரவில்லை. ஓட்டு இல்லாமல் இருந்த காலத்தைப் பார்த்த மனுஷி. 1948இல் பிரஜாவுரிமை போய், மறுவருடம் வாக்குரிமையும் போய், திரும்பக் கிடைக்கும்போது பாதி ஆயுசு போயிருந்தது. அது எந்தச் சின்னத்தோடு வந்தது என்று அவர் கைக்குத் தெரியும்.

எடுத்த வாக்கைச் சொல்ல மாட்டேன். எங்கள் குழுவின் வேட்பாளர்களும் அவர்கள் வீட்டாரும் ஒழுங்காகப் போட்டிருந்தாலே அதைவிடக் கூட வந்திருக்க வேண்டும்.

பதுளைக்காரி:
சின்னம்மாவிடம் கேட்காமலே வேட்பாளர் ஆக்கினீர்களே, அதைக் கொஞ்சம் பெருமையாகச் சொல்வது போல இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் இதே கதைதான், பட்டியலை நிரப்ப மட்டும் பெண்கள். காலையில் கொழுந்து, மாலையில் மேடையில் பின்வரிசை, பேச ஒலிவாங்கி கிடையாது. 2024இல் பதுளையிலிருந்து ஒரு மலையகப் பெண்ணும் நுவரெலியாவிலிருந்து ஒரு மலையகப் பெண்ணும் பாராளுமன்றம் போனார்கள், இருவரும் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டியில். அதாவது கட்சியில். சுயேச்சைதான் புதுசு, சுதந்திரம் என்கிறவர்கள் பெண்களை எந்த இலக்கத்தில் போடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

மஸ்கெலியா முதல் பஸ்:
அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது அக்கா. பெருமை இல்லை, வெட்கத்தைச் சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். இப்போது தேர்தல் என்றாலே சின்னம்மா தகரப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார்.

ரொறன்ரோ பனி:
தலவாக்கலை ஆள், இப்போது கனடா. இங்கேயும் மாகாணத் தேர்தல்தான், ஆனால் தொகுதிக்கு ஒருவர், ஆகவே சுயேச்சை என்றால் நிஜமாகவே தனி ஆள். ஒன்ராறியோவில் ஹால்டிமண்ட் நோர்ஃபோக் என்று ஒரு தோட்டந்துரவுப் பக்கம். அங்கே பொபி ஆன் பிரேடி என்கிற அம்மா பழைய உறுப்பினரின் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். அவர் ஒதுங்கியதும் கட்சி மேலிருந்து வேறு ஒருவரை இறக்கியது. இவர் 2022இல் தனியாக நின்று வென்றார், 2025இலும் வென்றார். மக்கள் ஓய்வூதியக் கடிதம், ரோட்டுப் பள்ளம் என்று எதற்கும் இருபது வருடம் அந்த அம்மாவைத்தான் பார்த்திருக்கிறார்கள், அதுதான் காரணம் என்பது என் எண்ணம். அங்கே 19 பேர் தேட வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தோட்டத் தலைவர் மகன்:
கனடாக் கதை நல்ல கதை. நம்மூரிலேயே அதைவிடப் பெரிய கதை இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. 1994 ஓகஸ்ட் பொதுத் தேர்தல். மலையக மக்கள் முன்னணியின் சந்திரசேகரன் நுவரெலியாவில் நின்றது சுயேச்சைக் குழுவில்தான். 27 ஆயிரம் சொச்சம் வாக்கு, ஒரு ஆசனம். சந்திரிகா அம்மையாரின் பொதுஜன முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஆக 112. 225 பேர் சபையில் 113 வேண்டும். அந்த ஒன்று இவர். பதினேழு வருட யானை ஆட்சி முடிந்ததில் ஒரு சுயேச்சை ஆசனத்துக்குப் பங்கு இருந்தது. தலைநகரமே நுவரெலியாவைப் பார்த்து நின்றது, அப்பா இன்றும் அந்த வாரத்தைச் சொல்லும்போது எழுந்து நின்றுதான் சொல்வார், அவர் எதிர்ச் சங்கம் என்றாலும்.

அதே தேர்தலில் யாழ்ப்பாணத்தில் இன்னொரு சுயேச்சைக் குழு 9 ஆசனம் எடுத்தது, பத்தாயிரம் சொச்சம் வாக்கில். யுத்தத்தால் அங்கே வாக்களித்தவர்களே கொஞ்சம். ஆகவே சுயேச்சை என்ற சொல்லை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. இரண்டுக்கும் பின்னால் கட்டுக்கோப்பான அமைப்பு இருந்தது, பெயர்தான் சுயேச்சை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். சங்கத்தைத் திட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. சந்தா பிடிக்கிறார்கள், தலைவர் வாகனத்தில் வருகிறார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் இரவு ஒரு மணிக்குப் பொலிஸ் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு போனால் அப்பாவின் கதவைத்தான் தட்டுகிறார்கள். வேலை செய்த நாளுக்குப் பேர் போடவில்லை, ஈபிஎஃப் சேமலாப நிதி வரவில்லை, பிணத்தைக் கொழும்பிலிருந்து கொண்டுவர வேண்டும், எல்லாம் அந்தக் கதவுதான். சுயேச்சைக்காரரின் கதவு எங்கே இருக்கிறது?

கொட்டகலை மழை:
அண்ணே, கதவு கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கதவுக்கும் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. என் தங்கச்சி படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருடம் கணித ஆசிரியர் இல்லை. தேசியப் பாடசாலை தவிர மற்ற பள்ளிக்கூடமெல்லாம் மாகாணத்தின் கீழ். சபை இருந்தால் கேட்பதற்கு ஓர் உறுப்பினராவது இருப்பார். இப்போது வலயக் காரியாலயம் மாகாணத்தைக் கைகாட்டும், மாகாணம் ஆளுநரைக் கைகாட்டும், ஆளுநர் மலையுச்சியில் இருக்கும் கோயில் மாதிரி. பெற்றோர் கூட்டம் போட்டுத்தான் இந்தப் பேச்சே தொடங்கியது, யாரும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அல்ல.

லயத்துக் கணக்கு:
சரி, தேத்தண்ணிக் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். வடைக் கேள்வி இருக்கட்டும்.

ஆனால் இந்தச் சுயேச்சை என்ற சொல்லுக்கு இப்போது ஒரு அர்த்தமும் இல்லை. 2024 செப்டெம்பரில் நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஜனாதிபதி ரணிலே சுயேச்சையாக நின்றார், கேஸ் சிலிண்டர் சின்னத்தில். நமது மலையக முன்னாள் எம்.பி. திலகராஜும் அதே தேர்தலில் சுயேச்சைதான். ஜனாதிபதிக்குச் சுயேச்சையாக நிற்க முன்னாலேயே பாராளுமன்ற உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி, கட்டுப்பணமும் கட்சிக்காரருக்கு 50 ஆயிரம், சுயேச்சைக்கு 75 ஆயிரம். தனியாக வருகிறவனுக்குக் கட்டணம் கூட. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவனிடம் அதிகக் காசு வாங்குவது போல.

சட்டப்புத்தகம்:
பாராளுமன்றத்துக்கும் அப்படித்தான், சுயேச்சைக் குழுவுக்கு வேட்பாளருக்கு 2,000 ரூபா. நுவரெலியாவுக்கு 8 ஆசனம், 11 பெயர், 22,000. மாகாணத்துக்கு எவ்வளவு என்பதைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கேட்டுக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

முக்கியமானது வேறு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம். முடிவு வந்து 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். பூச்சியம் செலவு என்றாலும் கொடுக்க வேண்டும். தோற்ற சோகத்தில் வீட்டில் படுத்துவிட்டால் நீதிமன்ற அழைப்பு வரும். 19 பேர் என்றால் 19 கணக்கு. கொடி தைத்த கடை, ஒலிபெருக்கி, லொறிக்கு டீசல், எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு.

மஸ்கெலியா முதல் பஸ்:
சின்னம்மாவின் கணக்கையும் நான்தான் நிரப்பினேன். "செலவு: இல்லை." பிறகு யோசித்தால் அன்று இரவு எழுப்பியதற்கு அவருக்கு ஒரு பெட்டி லெமன் பப் வாங்கிக் கொடுத்தேன், அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

ரொறன்ரோ பனி:
ஒரு கேள்வி. புதிய முறை, பாதி தொகுதி என்று வந்தால் சுயேச்சைக்கு நல்லதுதானே? தன் ஊருக்குள் மட்டும் நடந்தால் போதும்.

சட்டப்புத்தகம்:
எல்லை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த அறிக்கை அடிபட்டதற்கு ஒரு காரணமே சிறுபான்மைக் கட்சிகள் எங்கள் ஆட்கள் தொகுதிகளில் சிதறிப்போவார்கள் என்று பயந்ததுதான். தோட்டத்துக்குள் தோட்டமாக இருக்கும் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் ஒரு தொகுதி வந்தால் உள்ளூர் ஆளுக்கு வாய்ப்பு உண்டு. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்து ஆட்களுக்கு அதுவும் இல்லை, அங்கே மாவட்டம் முழுக்கப் பொறுக்கினால்தான் ஓர் ஆசனத்தையாவது நினைக்கலாம். பழைய முறையில் நுவரெலியாவில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு வாக்கு எடுத்தால் ஆள் உள்ளே போகலாம், மீதிக் கணக்கில் அதைவிடக் குறைவாகவும் நடக்கலாம். அது ஒரு தோட்டத்தில் கிடைக்காது. நுவரெலியா மஸ்கெலியா மட்டுமல்ல, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை எல்லாம் சேர்ந்ததுதான் மாவட்டம்.

தோட்டத் தலைவர் மகன்:
அதனால்தான் கேட்கிறேன், உங்கள் 19 பேரில் சிங்களவர் எத்தனை, முஸ்லிம் எத்தனை? மரக்கறி விலையும் உரமும் வலப்பனைக்காரனுக்கும் ஒன்றுதான். 19 பேரும் கொட்டகலைக் கோயில் மண்டபத்துக்காரர் என்றால் அது கோயில் கமிட்டித் தேர்தல்.

கொட்டகலை மழை:
அண்ணே, சங்கத்துக்காரர் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தேன், நீங்கள்தான் இதுவரை உருப்படியான யோசனை சொன்னவர். லொறியில் வாரம் இரண்டு தடவை வலப்பனை போகிறேன், அங்கே மரக்கறி ஏற்றும் நண்பர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதுளைக்காரி:
பெண்கள்?

கொட்டகலை மழை:
மறக்கவில்லை அக்கா. தங்கச்சியிடம் கேட்டேன். "முதன்மை வேட்பாளர் என்றால் வருகிறேன், பதினெட்டாவது பெயர் என்றால் வேறு ஆளைப் பார்" என்கிறாள்.

பதுளைக்காரி:
அவளையே போடுங்கள்.

மஸ்கெலியா முதல் பஸ்:
தங்கச்சி ஆசிரியை என்றால் சம்பளமில்லாத லீவு பற்றி இப்போதே விசாரித்து வையுங்கள், கடைசியில் கடிதம் கிடைக்காமல் ஓட வேண்டாம்.

கொட்டகலை மழை:
சரி. இன்றைக்கு எண்ணிப் பார்த்ததில் உறுதியாகப் பதினொரு பேர், தங்கச்சியோடு. அதில் இரண்டு பேர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஹங்குராங்கெத்தவில் ஒருவரும் இல்லை, யாருக்காவது ஆள் தெரிந்தால் சொல்லுங்கள்.

லயத்துக் கணக்கு:
ரிக்கில்லகஸ்கட பக்கம் ஒரு மாத்தயா இருக்கிறார், விவசாயச் சங்கத்தில் மூன்று தலைவரோடும் சண்டை போட்டு வெளியே வந்தவர். தமிழும் பேசுவார். ஞாயிறு போகிறேன், கேட்கிறேன். ஆனால் வடைக்கு நீங்கள்தான் காசு.